டாக்டர் துண்டு இல்லாவிட்டால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியாதா?

லயத்துப்பொண்ணு:
நேற்று பதுளை மாஸ்டர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தேயிலைத் தோட்டத்துச் சனம் வெட்கப்பட்டு ஊனமான பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறதாம், பிள்ளைக்கு என்ன என்று டாக்டர் எழுதிக் கொடுக்கிற துண்டோடு வந்தால் எந்தப் பள்ளிக்கூட அதிபரும் மறுக்கமாட்டாராம். என் மகனுக்குப் பெருமூளை வாதம். ஐந்து வயதில் முதுகில் சுமந்துகொண்டுதான் போய் நின்றேன், வெட்கப்பட்டு ஒளித்து வைக்கவில்லை. துண்டு கொண்டு வா என்றார்கள். கிளினிக்குக்கு விடியற்காலை நாலு மணிக்கு லயத்திலிருந்து, அதுதான் தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, இறங்க வேண்டும், அன்றைக்குப் பேர் கிடையாது, நாள் சம்பளம் போய்விடும். மூன்று தடவை போய்த்தான் துண்டு கிடைத்தது. அது இங்கிலீஷில் இருந்ததால் இதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடமே கேட்டார்கள். ஒரு வருஷம் வீணாகப் போனது.

பதுளை மாஸ்டர்:
தங்கச்சி, 22 வருஷமாகப் படிப்பிக்கிறேன். துண்டு கேட்பது விரட்டுவதற்கு இல்லை. பிள்ளைக்கு வலிப்பு வருமா, காது கேட்குமா என்று தெரியாமல் வகுப்பில் வைத்துக்கொண்டு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? பரீட்சைத் திணைக்களமும் மேலதிக நேரம் கொடுக்க மருத்துவ அறிக்கை கேட்கிறதே. துண்டு வேண்டும்.

லயத்துப்பொண்ணு:
பரீட்சையை யார் கேட்டார்கள் மாஸ்டர்? நான் பேசுவது ஆண்டு ஒன்றில் சேர்ப்பதைப் பற்றி. இலங்கையில் இயலாமை உள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கிற 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், 23ஆம் பிரிவு. இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டக் கூடாது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கே போகலாம். அந்தப் பிரிவில் துண்டு எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

கொட்டகலைக்காரன்:
அக்கா சொல்வது சரி. 5 வயதிலிருந்து 16 வரை கட்டாயக் கல்வி என்று 2016இலேயே வந்துவிட்டது. மாஸ்டர் போன மாதம் புலமைப்பரிசில் பற்றிய பேச்சிலும் இப்படித்தான், பெற்றோர் மேல் பழியைப் போட்டுவிட்டு நழுவினார்.

பதுளை மாஸ்டர்:
புலமைப்பரிசில் கதையை ஏன் இழுக்கிறீர் தம்பி? அங்கே பதில் இல்லாமல் போனது நீர்தான்.

ஹட்டன் டீச்சர்:
முதலில் "ஊனம்" என்று எழுதுவதை இரண்டு பேரும் நிறுத்துங்கள். விசேட தேவையுடைய பிள்ளை என்று எழுத முடியாதா? அப்புறம், என் வகுப்பில் 41 பிள்ளைகள், நான் ஒருத்தி. கக்கூசுக்குப் போக ஏழு படி இறங்க வேண்டும். விசேட கல்வி அலகு இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். சட்டத்தைக் காட்டுகிறவர்கள் வந்து அந்தப் படியில் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் பார்க்கட்டும்.

லயத்துப்பொண்ணு:
டீச்சர், தூக்கிக்கொண்டுதான் ஏழு வருஷமாக நடக்கிறேன். சொல்லை மாற்றினால் படி குறையுமா? உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை, உதவிக்கு ஆள் கேட்டு வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். இப்போது என் மகனுக்குப் படிப்பிக்கிற டீச்சர், அவன் கை இழுத்துக்கொள்வதால் கொப்பி நழுவுகிறது என்று பார்த்துவிட்டு, துணி காயப்போடுகிற கிளிப் இரண்டை வீட்டிலிருந்து கொண்டு வந்து கொப்பியை மேசை விளிம்போடு கவ்வி வைத்தார். அன்றைக்குத்தான் அவன் 'அ' எழுதினான், பாதிப் பக்கத்துக்கு ஒரே ஒரு 'அ'. அந்த டீச்சர் கிளிப் போட எந்தத் துண்டும் கேட்கவில்லை.

ஹட்டன் டீச்சர்:
அப்படியானால் நாங்கள் யாருமே செய்வதில்லை என்கிறீர்களா? ஆசிரியரைத் திட்டுவது எல்லாருக்கும் சுலபம்.

கொட்டகலைக்காரன்:
டீச்சர், யாரும் உங்களைத் திட்டவில்லை. துண்டைப் பற்றித்தான் பேச்சு.

பதுளை மாஸ்டர்:
துண்டைப் பற்றித்தான் நானும் சொல்கிறேன். பிள்ளையின் நன்மைக்குத்தான் துண்டு.

லயத்துப்பொண்ணு:
நன்மைக்கு என்றால் சேர்த்துக்கொண்டு பிறகு கேளுங்கள், ஒரு தவணை பொறுத்தால் கொண்டு வந்து தருகிறோம். வாசலில் நிறுத்திவைத்துக் கேட்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். பக்கத்து லயத்தில் காது கேளாத பிள்ளை ஒன்று இருக்கிறது, ஆறு வயது. திங்கட்கிழமை அதன் அம்மாவோடு நானும் போகிறேன், துண்டு இல்லாமல். சேர்க்க முடியாது என்றால் அதை எழுத்தில் கேட்பேன்.

பதுளை மாஸ்டர்:
எழுதித் தரமாட்டார்கள். துண்டை எடுத்துக்கொண்டே போங்கள்.

லயத்துப்பொண்ணு:
23ஆம் பிரிவில் அது எங்கே இருக்கிறது மாஸ்டர்? இன்னும் நீங்கள் காட்டவில்லை.