ஏடிவிக்கு 25 இன்ச் டயர் மாற்ற வேண்டும்: ஆல்-டெரெய்னா, மட் டயரா?

செம்மண்தடம்:
என் 500 சிசி ஏடிவியில் (காட்டுப்பாதையில் ஓட்டும் நாலு சக்கர வண்டி) வண்டியோடு வந்த டயர்கள் மொட்டையாகிவிட்டன. முன்னால் 25×8-12, பின்னால் 25×10-12 (டயர் உயரம்×அகலம்-ரிம் அளவு, எல்லாம் இன்ச்சில்). பின் டயரின் நடுப் பட்டன்கள் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டிகள்) சுண்டுவிரல் நகத்தின் உயரத்துக்குக்கூட இல்லை. பத்து நாள் ஓட்டினால் ஏழு நாள் கெட்டித் தரையும் சரளைக் கல்லும்தான். மீதி மூன்று நாள் ஓடைக்கரைச் சேறு. போன வாரம் அங்கே அடித்தகடு சேற்றில் உட்காரும் அளவுக்குப் புதைந்துவிட்டது. வண்டியை இழுத்து மீட்கும் வின்ச் கயிறு எட்டும் தூரத்தில், அதைக் கட்ட ஒரு மரம்கூட இல்லை. இரண்டு மணி நேரம் மண்வெட்டியோடு போராடினேன். சேற்றுக்கென்றே வரும் மட் டயர் வாங்கிவிடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன், ஆனால் கூட ஓட்டும் நண்பர் கண்டிப்பாக வேண்டாம் என்கிறார். வண்டி நாலு சக்கர டிரைவ், சிவிடி பெல்ட் (கியர் மாற்றாமல் பெல்ட் வழியாகவே வேகம் மாறும் அமைப்பு). அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சகதிராஜா:
மட் டயரே போடுங்கள், யோசிக்க வேண்டாம். கெட்டித் தரையில் எந்த டயரும் வீடு கொண்டு வந்து சேர்த்துவிடும். டயருக்கு உண்மையான வேலை வருவது அந்த மூன்று நாளில்தான்.

எல்லாத் தரைக்கும் பொதுவான ஆல்-டெரெய்ன் டயரின் பட்டன் பெரும்பாலும் அரை இன்ச், முக்கால் இன்ச். அதுவும் நெருக்கமாக இருக்கும். களிமண் அந்த இடுக்குகளில் ஏறி அப்பிக்கொண்டால் நாலு சுற்றில் டயர் வழவழப்பான உருண்டையாகிவிடும், பட்டன் இருந்தும் இல்லாத மாதிரி. மட் டயரில் பட்டன் ஒரு இன்ச்சுக்கு மேல் நிற்கும், இடைவெளியும் அகலம். கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சேறு தானாகப் பிய்த்துக்கொண்டு பறக்கும். 28 இன்ச் பாருங்கள், வண்டியின் உயரமும் கூடும்.

கல்பாதை:
சகதிராஜா சேற்றில் நடப்பதைச் சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் மற்ற ஏழு நாளை ஒரே வரியில் தள்ளிவிட்டாரே, அதை ஒத்துக்கொள்ள முடியாது.

நானும் ஒருமுறை புதைந்த கோபத்தில் 28 இன்ச் மட் டயர் வாங்கியவன். மாட்டுவதற்கு முன் தராசில் வைத்துப் பார்த்தேன். பழைய டயர் 10 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, புதியது 17 கிலோ. நாலு சக்கரத்துக்கும் சேர்த்து 28 கிலோவுக்கு மேல் கூடுதல், அதுவும் சுழலும் எடை. கிளம்பும்போது அதை எஞ்சின் சுற்ற வேண்டும், நிற்கும்போது பிரேக் பிடித்து நிறுத்த வேண்டும். கெட்டித் தரையில் ஒவ்வொரு பட்டனும் தரையைக் குத்துகிற அதிர்வு ஹேண்டில்பார் வழியாகத் தோள்வரைக்கும் வந்தது. ஒரே சீசனில் பட்டன்களின் முன் விளிம்பு வட்டமாகத் தேய்ந்துவிட்டது, விளிம்பு போனதும் சேற்றிலும் பழைய பிடி இல்லை. சேற்றுக்காக வாங்கினேன், கல்லில் தேய்த்தேன்.

சகதிராஜா:
28 இன்ச் உங்கள் வண்டிக்கு அதிகமாக இருந்திருக்கலாம். அதற்காக மட் டயரையே குறை சொன்னால் எப்படி? ஆல்-டெரெய்ன் போட்டவர்கள் சேற்றில் நிற்கும்போது கயிறு கட்டி இழுத்தவன் நான், ஒருமுறை இரண்டுமுறை இல்லை. தனியாகப் போகிறவருக்கு அங்கே மாட்டாமல் வருவதுதான் முதல் தேவை. தோள்வலி இரண்டு நாளில் போய்விடும், அண்ணா.

கல்பாதை:
தோள்வலி போகும் தம்பி, ஆக்சில் உடைந்தால் போகாது. பெரிய டயர் சேற்றில் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அடியில் ஒரு வேரோ கல்லோ பிடித்தால், அந்த அடி முழுவதும் ஆக்சில் மூட்டுக்குத்தான் போகும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வைத்திருந்தால் இன்னும் மோசம். எனக்கு முன் இடது ஆக்சில் அப்படித்தான் போனது. நடுக்காட்டில், தனியாக.

பட்டறைத்தோழன்:
இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. பட்டறையில் இந்த வண்டிகளைக் கழற்றி மாட்டுகிறவன் என்ற முறையில் சில கணக்குகளைச் சொல்கிறேன்.

25-லிருந்து 28 போனால் அடித்தகட்டுக்குக் கிடைக்கும் உயரம் மூன்று இன்ச் இல்லை, ஒன்றரை இன்ச்தான். ஆக்சிலுக்குக் கீழே இருப்பது பாதி டயர்தானே. ஆனால் கியர் விகிதம் 12 சதவீதம் உயர்ந்துவிடும். தரையைத் தள்ளும் விசை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். சிவிடி வண்டியில் இந்தச் சுமையைத் தாங்குவது பெல்ட். சேற்றில் ஹை கியரிலேயே முறுக்கினால் பெல்ட் நழுவும், சூடாகும், ஒரு நாள் கருகும். பெரிய டயர் போட்டால் சேற்றில் லோ கியர் கட்டாயம், தேவைப்பட்டால் கிளட்ச் ஸ்பிரிங், வெயிட் மாற்ற வேண்டியிருக்கும். 26 என்றால் 4 சதவீதம், 27 என்றால் 8. 500 சிசிக்கு 26 பெரும்பாலும் பிரச்சினை இல்லாமல் ஓடும், 27-க்கு யோசிக்க வேண்டும்.

முன் டயரும் பின் டயரும் ஒரே ஜோடியாக மாற்றுங்கள். நாலு சக்கர டிரைவில் முன்னும் பின்னும் எந்த உயர விகிதத்தில் வந்ததோ அதையே காப்பாற்ற வேண்டும். பின்னால் மட்டும் மட் டயர் போட்டு மிச்சம் பிடிக்கலாம் என்று உயரம் மாற்றிப் போட்டவர்கள், கெட்டித் தரையில் நாலு சக்கரத்தையும் இணைத்து ஓட்டும்போது டிரைவ் இறுகிக்கொள்கிறது என்று வந்து நிற்பார்கள்.

‘6 பிளை’ என்று டயரில் போட்டிருந்தால் உள்ளே ஆறு அடுக்கு இருக்கிறது என்று பொருள் இல்லை. அது வலிமைக்கான மதிப்பீடு. உங்கள் பாதையில் சரளை இருப்பதால் 6-க்குக் குறைய வேண்டாம். நடுவில் ஆணி குத்தினால் பங்சர் திரி போட்டு வந்துவிடலாம், பக்கவாட்டில் கல் கிழித்தால் திரி நிற்காது.

செம்மண்தடம்:
மிக்க நன்றி. ஒரு சந்தேகம். உள்ளே நூல் அடுக்கு குறுக்கே நேராகப் போகும் ரேடியலா, சாய்வாகப் பின்னிப் போகும் பயாஸா? கடையில் இரண்டும் காட்டினார்கள்.

கல்பாதை:
ரேடியல். பக்கச்சுவர் வளைந்து கொடுக்கும், நடுப்பகுதி தரையில் பரவி உட்காரும், கல் பாதையில் குலுக்கல் குறையும். மேக்சிஸ் பிக்ஹார்ன் மாதிரி, பட்டன் கொஞ்சம் இடைவெளி விட்டு நிற்கிற ரேடியல் டயர்களைப் பாருங்கள். ஆல்-டெரெய்ன்தான், ஆனால் மிதமான சேற்றில் கைவிடாது.

சகதிராஜா:
மிதமான சேறு என்றால் சரி. ஓடைக்கரைக் களியில் அதுவும் அப்பிக்கொள்ளும், பார்த்திருக்கிறேன். 28 வேண்டாம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு இன்ச் பட்டனோடு 26 இன்ச்சில் லேசான மட் டயர்களும் வருகின்றன. பட்டன்கள் நடுவில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஓரத்தில் அகலமாகப் பிரிந்திருக்கிற வகை. கெட்டித் தரையில் நடுப்பகுதி ஓடும், புதையும்போது ஓரம் வேலை செய்யும். மாட்டும்போது பக்கவாட்டில் உள்ள அம்புக்குறியைப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். தலைகீழாக மாட்டினால் சேறு வெளியே போகாமல் உள்ளேயே சேரும்.

பட்டறைத்தோழன்:
காற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே. செம்மண்தடம், அன்றைக்குப் புதைந்தபோது எத்தனை பிஎஸ்ஐ இருந்தது?

செம்மண்தடம்:
கார் டயருக்குப் பிடிக்கும் கேஜில்தான் பார்த்தேன். பத்து, பன்னிரண்டு இருக்கும்.

பட்டறைத்தோழன்:
பாதி விஷயம் அங்கே இருக்கிறது. இந்த வண்டிகளுக்குப் பெரும்பாலும் 4-லிருந்து 7 பிஎஸ்ஐதான். உங்கள் வண்டியின் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். கார் கேஜில் அந்த அளவைச் சரியாகப் படிக்க முடியாது, குறைந்த அழுத்தத்துக்கான கேஜ் தனியாக வாங்குங்கள். 5 இருக்க வேண்டிய இடத்தில் 10 இருந்தால் டயர் நடுவில் உருண்டுவிடும், தரையில் படும் இடம் சுருங்கும். நடுப் பட்டன் மட்டும் தேய்ந்ததற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

1970-ல் ஹோண்டா கொண்டுவந்த மூன்று சக்கர வண்டியில் சஸ்பென்ஷனே கிடையாது, பலூன் மாதிரி இருந்த டயர்தான் குலுக்கலைத் தாங்கியது. இன்றைக்கும் இந்த டயர் பாதி சஸ்பென்ஷன்தான், கல்லாகக் காற்றடித்தால் அந்த வேலையைச் செய்யாது. ஸ்டிக்கரில் உள்ளதற்கு ரொம்பக் கீழேயும் இறக்காதீர்கள், திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

செம்மண்தடம்:
ஸ்டிக்கரில் 5 என்றிருக்கிறது. இத்தனை நாள் அதன் மேல் சேறு மூடியிருந்தது.

புது கேஜ் வாங்கி 5 வைத்து, அதே பழைய டயரோடு நேற்று ஓடைக்கரைக்குப் போய் வந்தேன். போன வாரம் புதைந்த பள்ளத்துக்குப் பக்கத்திலேயே கடந்துவிட்டேன். பள்ளத்துக்குள் இறங்கியிருந்தால் வந்திருக்காது. முன் சக்கரத்தை முழுக்கத் திருப்பி அளந்தும் பார்த்தேன். இப்போது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது. அதனால் 26 இன்ச், 6 பிளை ரேடியல், நாலும் ஒரே மாடல் ஆல்-டெரெய்ன் என்று முடிவு செய்துவிட்டேன்.

சகதிராஜா:
நேற்று கடந்தது சரி. அடுத்த மழைக்கு அந்தக் களி இன்னும் ஊறும். அப்போது போய்விட்டு வந்து இதே இடத்தில் எழுதுங்கள். வின்ச் கயிறோடு ஒரு நீட்டிப்புக் கயிறும் எடுத்துப் போங்கள், மரம் எட்டாத இடம் அது.