கிளியரிங் அனுபவம் உண்டு, ஆனால் டர்பன் ரெக்ரூட்டர்கள் யாரும் அழைப்பதில்லை: லிங்க்ட்இன் பக்கத்தை எப்படித் திருத்துவது?

முத்துநகர்ப் பெண் (சாட்ஸ்வர்த்):

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடியில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்தில், அதாவது சரக்குக்குச் சுங்கக் கிளியரிங் செய்து கொடுக்கும் இடத்தில், ஏழு ஆண்டுகள் இறக்குமதிப் பிரிவில் இருந்தேன். வந்த சரக்கில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து வரும் முந்திரிக்கொட்டை. இடையிடையே மரத்தடிகள், இயந்திர உதிரிபாகங்கள். பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சுங்க ஆவணம்) தாக்கல் செய்வதிலிருந்து கண்டெய்னர் துறைமுக வாசலைத் தாண்டும் வரை என் பொறுப்பு. திருமணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பன் வந்தேன். நிரந்தர வசிப்புரிமையும் கிடைத்துவிட்டது. இப்போது ஒரு மொத்த விற்பனைக் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். இவ்வளவு பெரிய துறைமுகம் உள்ள ஊரில் இருந்துகொண்டு என் தொழிலுக்குத் திரும்ப முடியவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

லிங்க்ட்இனில் பெயருக்குக் கீழே "கடின உழைப்பாளியான லாஜிஸ்டிக்ஸ் நிபுணர், புதிய வாய்ப்புகளைத் தேடுகிறேன்" என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறேன். அனுபவப் பகுதியில் பழைய அலுவலகத்தின் பெயர், "சி.எச்.ஏ. எக்ஸிகியூட்டிவ்" (சி.எச்.ஏ. என்றால் கஸ்டம்ஸ் ஹவுஸ் ஏஜெண்ட்) என்ற பதவி, ஆண்டுகள், அவ்வளவுதான். திறன்கள் என்ற இடத்தில் எம்.எஸ். ஆபீஸ், குழுப்பணி, தகவல் தொடர்பு. ஊர் இன்னும் தூத்துக்குடி என்றே இருக்கிறது.

வேலை தேடுகிறேன் என்று காட்ட, படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் போடச் சொல்கிறார்கள். கிடங்கு மேலாளர் பார்த்துவிட்டால் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. கணவரின் சித்தியோ, "இதெல்லாம் வேண்டாம், நேரில் போய் சி.வி. கொடு" என்கிறார். எதை முதலில் செய்வது?

ஜோபர்க் நிரலர்:

அக்கா, முதலில் ஊரை மாற்றுங்கள். இங்கே ஆள் தேடுபவர்கள் ஊரை வைத்துத்தான் வடிகட்டுவார்கள். தூத்துக்குடி என்று இருக்கும்வரை டர்பன் தேடலில் நீங்கள் வரவே மாட்டீர்கள். படம் தெளிவாக, முகம் மட்டும் தெரியும்படி இருக்கட்டும். கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது வேண்டாம். பக்கத்தின் முகவரியில் பெயருக்குப் பின்னால் தானாக ஒட்டியிருக்கும் எண்களையும் நீக்கிவிடலாம், சி.வி.யில் போட அழகாக இருக்கும். மற்றதை உங்கள் துறை தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

ஆள்தேடும் அம்மா (டர்பன்):

முத்துநகர்ப் பெண்ணே, இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. டர்பனில் சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களுக்கு ஆள் தேடிக் கொடுப்பதுதான் என் வேலை. உங்களைப் போன்ற ஒருவரைத் தேடி நான் அலைந்துகொண்டிருக்கும் அதே வாரத்தில் நீங்கள் கிடங்கில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறீர்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

நான் எப்படித் தேடுகிறேன் என்று சொன்னால் உங்களுக்கே புரியும். ஒரு நிறுவனம் இறக்குமதிப் பிரிவுக்கு ஆள் கேட்டால், தேடல் பெட்டியில் "இம்போர்ட் கன்ட்ரோலர்" என்று போடுவேன். அடுத்து "கஸ்டம்ஸ் என்ட்ரி கிளார்க்", "எஸ்டிமேட்டர்" (இறக்குமதிச் செலவைக் கணக்கிடுபவர்), "டாரிஃப்" (சுங்கத் தீர்வைப் பட்டியல்) என்று சேர்ப்பேன். ஊர் டர்பன். வரும் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் படம், பெயர், அதன்கீழ் தலைப்பு வரி, ஊர், இப்போதைய வேலை, இவ்வளவுதான் தெரியும். அதைப் பார்த்துத்தான் யாருடைய பக்கத்தைத் திறப்பது என்று முடிவு செய்கிறேன். "கடின உழைப்பாளி" என்று நான் ஒருநாளும் தேடியதில்லை. "சி.எச்.ஏ." என்றும் தேடமாட்டேன், ஏனென்றால் இந்த ஊர் விளம்பரங்களில் அந்தச் சொல்லே கிடையாது. நீங்கள் இந்தியாவில் செய்த அதே வேலைக்கு இங்கே வேறு பெயர்கள். அவை உங்கள் பக்கத்தில் எங்குமே இல்லை. உங்கள் முதல் சிக்கல் இதுதான்.

அதற்காகப் பழைய பதவியின் பெயரை மாற்றிவிடாதீர்கள். பழைய அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து விசாரிப்பார்கள், நானே விசாரிப்பேன். அலுவலகம் கொடுத்த பெயர் அப்படியே இருக்கட்டும். அதன்கீழ் முதல் வாக்கியத்தில் "தென்னாப்பிரிக்காவில் இம்போர்ட் கன்ட்ரோலரும் என்ட்ரி கிளார்க்கும் செய்யும் பணிகள்" என்று எழுதுங்கள். அது பொய்யில்லை, தேடலிலும் அகப்படும்.

தலைப்பு வரிக்கு 220 எழுத்துகள் இடம் உண்டு. அதில் வேலையின் பெயர், கைவந்த இரண்டு மூன்று பணிகள், சரக்கின் வகை, கடைசியில் "டர்பன், நிரந்தர வசிப்புரிமை". இந்தக் கடைசி இரண்டு சொற்களை மறக்க வேண்டாம். வெளிநாட்டு அனுபவம் உள்ள ஒருவரைப் பார்த்ததும் இங்கே முதலாளிகள் கேட்கும் முதல் கேள்வி, "வேலை செய்ய அனுமதி இருக்கிறதா" என்பதுதான். அவர்கள் கேட்பதற்கு முன்பே பதில் அங்கே இருக்க வேண்டும்.

இப்போது அனுபவப் பகுதி. இங்கேதான் உங்களிடம் சொத்து இருக்கிறது, அதைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறீர்கள். முந்திரிக்கொட்டை என்றீர்களே, அதன் எச்.எஸ். எண்ணை, அதாவது சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எண்ணை, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள்: 0801.31. அந்த முதல் ஆறு இலக்கங்கள் தூத்துக்குடியிலும் டர்பனிலும் ஒன்றுதான். அதற்குப் பிறகு வரும் இலக்கங்களைத்தான் அந்தந்த நாடு வைத்துக்கொள்கிறது. அப்படியானால் டாரிஃப் வகைப்படுத்தலில் நீங்கள் கற்றதில் பெரும்பகுதி கப்பலேறி உங்களோடு வந்துவிட்டது. இதை எழுதாமல் எம்.எஸ். ஆபீஸ் என்று எழுதினால் எப்படி?

வேளாண் சரக்கு என்றால் தாவர நலச் சான்றிதழ், புகைமூட்டச் சான்றிதழ் இரண்டும் இல்லாமல் நகராது. ஒரு சான்றிதழில் எழுத்துப் பிழை இருந்து கண்டெய்னர் நின்றுபோனால் துறைமுகக் கட்டணம் ஒருபுறம், கண்டெய்னரைத் தாமதமாகத் திருப்புவதற்குக் கப்பல் நிறுவனம் வாங்கும் டிடென்ஷன் கட்டணம் மறுபுறம் ஏறும். இலவச நாட்கள் முடிவதற்குள் வெளியே எடுத்த அனுபவம் உங்களுக்கு நிச்சயம் இருக்கும். அப்படி ஒன்றை எழுதுங்கள்: என்ன சரக்கு, எந்த ஆவணத்தில் சிக்கல், யாரிடம் பேசினீர்கள், எப்படி விடுவித்தீர்கள். வாடிக்கையாளர் பெயர் வேண்டாம், விலைப்பட்டியல் விவரமும் வேண்டாம். நான்கு வரி போதும். "சிக்கல்களைத் தீர்ப்பதில் வல்லவர்" என்று பத்து இடத்தில் எழுதினாலும் அந்த நான்கு வரிக்கு ஈடாகாது.

இப்போதைய கிடங்கு வேலையை மறைக்காதீர்கள். இடைவெளி இருந்தால்தான் கேள்வி வரும். இருப்புச் சரிபார்ப்பு, சரக்கு வரவு, ரேண்டில் கணக்கு என நீங்கள் உண்மையாகச் செய்வதை இரண்டு வரியில் எழுதுங்கள்.

திறன்கள் பகுதியில் நூறு வரை சேர்க்கலாம். நிரப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. கஸ்டம்ஸ் கிளியரன்ஸ், டாரிஃப் வகைப்படுத்தல், இன்கோடெர்ம்ஸ் (விற்பவர், வாங்குபவர் பொறுப்பைப் பிரிக்கும் வணிக விதிகள்), கடல்வழி இறக்குமதி, ஆவணச் சரிபார்ப்பு ஆகியவை மேலே இருக்கட்டும். குழுப்பணி கீழே கிடக்கட்டும். கப்பல் சரக்கு மென்பொருள் எதையாவது பயன்படுத்தியிருந்தால் அதன் பெயரைச் சேருங்கள், நாங்கள் அதை வைத்தும் தேடுவோம்.

பச்சை வளையத்துக்கு வருகிறேன். அதில் இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரியும், வளையம் வரும். மற்றது ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும், வளையம் வராது. நீங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் நிறுவனத்தின் ரெக்ரூட்டர்களுக்குத் தெரியாமல் வைக்க லிங்க்ட்இன் முயலும், ஆனால் முழு உத்தரவாதம் தருவதில்லை. உங்கள் கிடங்கு சிறியது என்றால் அங்கே ரெக்ரூட்டர்களுக்கான லிங்க்ட்இன் கணக்கே பெரும்பாலும் இருக்காது. திருத்தத் தொடங்குமுன் அமைப்புகளில் போய், மாற்றங்களை உங்கள் தொடர்பில் உள்ளவர்களுக்கு அறிவிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

சித்தி சொன்னதையும் தள்ளிவிடாதீர்கள். இந்தத் தொழிலில் சிறிய கிளியரிங் அலுவலகங்கள் பல உண்டு, அவர்கள் இன்னும் தெரிந்தவர் மூலமாகத்தான் ஆள் எடுக்கிறார்கள். சி.வி.யைக் கையில் வாங்கியவரும் அன்று மாலை உங்கள் பெயரை லிங்க்ட்இனில் தேடிப் பார்ப்பார். இரண்டும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

பழைய கிளியரிங்காரர் (ஐசிப்பிங்கோ):

அம்மா சொன்னதெல்லாம் சரி. நான் இந்தத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவன், அதனால் தொழில் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன் மகளே.

இந்தியாவில் சுங்க மதிப்பு சி.ஐ.எஃப். அடிப்படையில், அதாவது கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்த்து. இங்கே எஃப்.ஓ.பி., அதாவது அவை சேராமல். இறக்குமதி வாட் (மதிப்புக் கூட்டு வரி) கணக்கிடும்போது அந்த மதிப்போடு அதில் பத்து விழுக்காட்டைக் கூட்டி, கட்டவேண்டிய தீர்வைகளையும் சேர்த்து, மொத்தத்துக்கு 15 விழுக்காடு. போட்ஸ்வானா, எஸ்வாட்டினி, லெசோத்தோ, நமீபியா ஆகிய நான்கிலிருந்தும் வந்தால் அந்தப் பத்து விழுக்காடு இல்லை. இந்தியாவிலிருந்து வரும் பிள்ளைகளிடம் நேர்காணலில் நான் இதைத்தான் கேட்பேன். 1964ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் கிளியரிங் ஏஜெண்ட் உரிமம் பற்றிய 64பி பிரிவையும் படித்துவிடுங்கள். தெரிந்துகொண்ட பிறகு பக்கத்தில் ஒரு வரி சேருங்கள்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். இங்கே சி.வி.யில் அடையாள எண்ணைப் போடும் பழக்கம் இருக்கிறது. பொதுப் பக்கத்தில் அதை ஏற்றவே கூடாது. அந்த 13 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்து ஆணா பெண்ணா என்பது, பிறகு குடிமகனா வசிப்புரிமையாளரா என்பது வரை எல்லாம் இருக்கிறது. திருடனுக்கு வேறென்ன வேண்டும்? வீட்டு முகவரியும் வேண்டாம், சாட்ஸ்வர்த் என்று கூடச் சொல்லாமல் டர்பன் போதும். வேலை வாங்கித் தருகிறேன், பதிவுக் கட்டணம் கொடு என்று யாராவது செய்தி அனுப்பினால் பதில் சொல்லாதீர்கள். வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதை 2014ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம் தடுக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பெண் இப்படிப் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தாள். அழைப்பு வரவில்லை, பணமும் திரும்பவில்லை.

முத்துநகர்ப் பெண்:

ஐயா, அம்மா, தம்பி, மூவருக்கும் நன்றி. ஊரை மாற்றிவிட்டேன், அறிவிப்பையும் அணைத்துவிட்டேன். அறிமுகப் பகுதிக்கு இப்படி எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் ஏற்றுமுன் சொல்லுங்கள்:

"இறக்குமதிக் கிளியரிங்கில் ஏழு ஆண்டுகள். தூத்துக்குடி துறைமுகம் வழியாக வந்த முந்திரிக்கொட்டை, மரத்தடி, உதிரிபாகங்கள் ஆகியவற்றுக்கு டாரிஃப் வகைப்படுத்தல், சுங்க ஆவணத் தாக்கல், தாவரத் தனிமைப்படுத்தல் அலுவலகத்துடன் தொடர்பு, டெலிவரி ஆர்டர் பெறுதல் வரை கையாண்டிருக்கிறேன். ஒருமுறை தாவர நலச் சான்றிதழில் கண்டெய்னர் எண் தவறாக இருந்ததால் சரக்கு நின்றது. ஏற்றுமதியாளரிடம் பேசி, வழங்கிய அலுவலகத்திலிருந்து திருத்திய சான்றிதழை வரவழைத்து, இலவச நாட்கள் முடியுமுன் விடுவித்தேன். தென்னாப்பிரிக்கச் சுங்க நடைமுறைகளில் தேர்ச்சி உண்டு. டர்பனில் வசிக்கிறேன், நிரந்தர வசிப்புரிமை உண்டு. தமிழ், ஆங்கிலம்."

ஆள்தேடும் அம்மா (டர்பன்):

சான்றிதழ் பற்றிய வரிகள் அருமை, அவற்றில் கை வைக்காதீர்கள். அவற்றை இன்னும் மேலே கொண்டுபோங்கள். "மேலும் காண்க" என்று அழுத்தாமலே தெரிவது முதல் சில வரிகள்தான்.

"தேர்ச்சி உண்டு" என்ற வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். ஐயா கேட்ட வாட் கணக்கை நாளை ஒருவர் கேட்டு நீங்கள் தடுமாறினால், உண்மையான ஏழு ஆண்டுகளையும் சந்தேகிப்பார்கள். "தென்னாப்பிரிக்க இறக்குமதி மதிப்பீட்டையும் வாட் கணக்கீட்டையும் படித்து வருகிறேன்" என்று எழுதுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை. ஜூலு மொழி ஓரளவு பேச வருமென்றால் மொழிகளில் அதையும் சேருங்கள். லாரி ஓட்டுநர்களோடும் கிடங்கு ஆட்களோடும் பேசுகிற வேலை இது.

பழைய அலுவலகத்தில் உங்கள் மேலதிகாரி லிங்க்ட்இனில் இருந்தால், பரிந்துரை எழுதித் தரச் சொல்லுங்கள். "நல்ல பெண்" என்று எழுதவேண்டாம், அந்த முந்திரிக் கண்டெய்னரைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். தலைப்பு வரியை இன்றிரவே மாற்றிவிடுங்கள். வியாழக்கிழமை காலையில் இம்போர்ட் கன்ட்ரோலர் ஒருவருக்காகத் தேட வேண்டியிருக்கிறது. உங்கள் பக்கம் பட்டியலில் எங்கே வருகிறது என்று பார்த்து இங்கேயே எழுதுகிறேன்.