முதல் கார்செட்: இடுப்பில் தொளதொள, கீழே மட்டும் இறுக்கம். எந்த அளவு வாங்குவது?

பொருநைக்காரி:
வணக்கம். நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். எங்கள் நாடகக் குழு 1880களில் நடக்கும் ஒரு கதையைப் போடுகிறது. எனக்கு வீட்டு எஜமானி வேடம். உடைக்கு உள்ளே போட ஒரு கார்செட் (முதுகில் நாடாவால் இறுக்கிக் கட்டும் உள்ளுடை) வாங்கினேன், மார்புக்குக் கீழே தொடங்கும் வகை. முதல் முறை போடுவதால் எது சரி, எது தப்பு என்றே தெரியவில்லை.

இடுப்பை அளந்தேன், 33 இன்ச். நான்கு இன்ச் குறைத்து எடுக்க வேண்டும் என்று படித்திருந்தேன். இரட்டைப்படை அளவுதான் கிடைத்தது, அதனால் 30 வாங்கினேன். முதுகு நாடாவை முழுவதும் இழுத்தால் மேலேயும் நடுவிலும் இரண்டு ஓரங்களும் முட்டிவிடுகின்றன, கீழே மட்டும் ஒரு இன்ச் பிளந்து நிற்கிறது. அப்படியும் விலாப்பக்கம் கையை நுழைக்கலாம், அவ்வளவு தொளதொள. கீழேயோ இடுப்பெலும்பைக் கவ்விப் பிடிக்கிறது. பத்து நிமிடம் நடந்தால் மொத்தமும் மேலே ஏறிவிடுகிறது. உட்கார்ந்தால் முன்பக்கக் கம்பி தொடையில் இடிக்கிறது. நேற்று கழற்றிய பிறகு இடது தொடையின் வெளிப்பக்கம் கால் மணி நேரம் மரத்துப்போய் இருந்தது.

எனக்கு மேலே ஒல்லி, கீழே அகலம். என் உடம்பு வாகுக்குக் கார்செட்டே ஒத்துவராதா?

ஊசிநூல்:
முதலில், அதை இனிமேல் போடாதீர்கள். தொடை மரத்துப்போவது சும்மா விடக்கூடிய விஷயம் இல்லை.

உங்கள் உடம்பில் ஒரு குறையும் கிடையாது. ஒரே ஒரு கேள்வி: 33 என்று அளந்தபோது டேப்பை எங்கே வைத்தீர்கள்? உள்பாவாடை நாடா கட்டும் இடத்திலா?

பொருநைக்காரி:
ஆமாம் அக்கா, அங்கேதான். தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே. அதுதானே இடுப்பு?

ஊசிநூல்:
நினைத்தேன். இருபது வருடமாகத் தைக்கிறேன், கடந்த ஏழெட்டு வருடமாக நாடகங்களுக்கும் கார்செட் தைத்துக் கொடுக்கிறேன். நம் ஆட்கள் பத்துப் பேர் வந்தால் ஏழு பேர் இதே இடத்தைத்தான் காட்டுவார்கள். நமக்கு விலாவுக்குக் கீழே ஆரம்பித்து உட்காரும் இடம் வரை எல்லாமே இடுப்புதான். கார்செட்டுக்கு அப்படி இல்லை, மூன்று இடத்தில் தனித்தனியாக அளக்க வேண்டும்.

ஒரு நாடாவை வயிற்றைச் சுற்றி லேசாகக் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் நாலு முறை சாய்ந்து நிமிருங்கள். நாடா தானாக நகர்ந்து போய் நிற்கும் இடம்தான் உங்கள் இடை. பெரும்பாலும் தொப்புளுக்கு ஒன்றிரண்டு இன்ச் மேலே இருக்கும். அங்கே ஓர் அளவு. மார்புக்குக் கீழே, விலாவைச் சுற்றி ஓர் அளவு. அப்புறம் இடுப்பெலும்பின் மேட்டைச் சுற்றி ஓர் அளவு. மூச்சை உள்ளே இழுக்காதீர்கள், டேப்பையும் இறுக்காதீர்கள். எடுத்துவிட்டு எழுதுங்கள். வாங்கியதன் அளவையும் ஓரங்களைச் சேர்த்து வைத்து மூன்று இடத்தில் அளந்து போடுங்கள்.

பொருநைக்காரி:
விலா 30, இடை 28½, இடுப்பெலும்பு 36. வாங்கிய கார்செட்: மேலே 34, நடுவில் 30, கீழே 35. இப்போதுதான் புரிகிறது. என் இடையைவிட அது ஒன்றரை இன்ச் பெரிது!

ஊசிநூல்:
அதேதான். நடுவில் பிடிமானமே இல்லாத துணி எங்கே நிற்கும்? கீழே இடுப்பெலும்பு வெளியே தள்ள, விரிவாக இருக்கும் விலாப்பக்கம் நோக்கி ஏறுகிறது. கார்செட் நிற்க வேண்டியது இடையின் பிடியில். விலாவும் இடுப்பெலும்பும் உள்ளே வசதியாக உட்கார்ந்திருக்க வேண்டுமே தவிர நெரிபடக் கூடாது.

அடுத்த முறை அளவு எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அந்த எண், முழுவதும் மூடினால் நடுவில் எவ்வளவு என்பது மட்டும்தான். இடைக்கும் மேல் ஓரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம், இடைக்கும் கீழ் ஓரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கேளுங்கள். நீங்கள் வாங்கியதில் மேலே 4, கீழே 5. இடையை 26க்கு இறுக்கினால் உங்களுக்கு மேலே 4 போதும், கீழே 10 வேண்டும். அந்த ஐந்து இன்ச்தான் உங்கள் தொடையை மரக்கவைத்தது. நேரான உடம்புக்காரர் அந்த 10 இன்ச் விரிவை வாங்கினால் அவருக்குக் கீழ்ப்பக்கம் காலியாகத் தொங்கும்.

முதுகு இடைவெளியைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இரண்டு இன்ச் இருந்தால் நல்ல பொருத்தம். உங்களுடையது போல கூடாரமாகக் கீழே விரிந்தால் இடுப்பெலும்புக்கு இடம் போதவில்லை. புனல் மாதிரி மேலே விரிந்தால் விலாவுக்கு இடமில்லை. உடுக்கை போல நடுவில் ஒடுங்கி இரண்டு முனையும் விரிந்தால் கார்செட்டில் வளைவு குறைவு. மத்தளம் போல நடுவில் அகன்றால், உங்கள் உடம்பு கொடுப்பதைவிட வளைவு அதிகம், அல்லது அளவு சின்னது.

கனடாத் தையல்:
அக்கா சொன்னது முழுக்கச் சரி. நான் உயரத்தைப் பற்றிக் கதைக்கிறேன், ஏனென்றால் தொடையில் இடிக்குது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கதிரையில் நேராக இருந்துகொண்டு மார்புக்குக் கீழிருந்து மடி வரைக்கும் அளந்து பாருங்கோ. எனக்கு ஒன்பதரை இன்ச்தான். பன்னிரண்டு இன்ச் உயரக் கார்செட்டை வாங்கிப்போட்டு இருக்கவே ஏலாமல் கஷ்டப்பட்டனான். முன்பக்க உயரம் அந்த அளவைவிடக் குறைவாக இருக்கவேணும்.

இன்னொன்று, குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டுற காந்தத்தைக் கொண்டுபோய், கார்செட்டை விறைப்பாக நிறுத்துற பட்டிகளில் வைத்துப் பாருங்கோ. ஒட்டாவிட்டால் உள்ளே பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். அது உடம்புச் சூட்டில் வளைந்து மடங்கி விலாவில் குத்தும். உடையின் மேல் அழகுக்குப் போடலாம், இழுத்துக் கட்டக்கூடாது. வளைவான தையல்களில் சுருள் ஸ்டீல், ஐலெட் (நாடா கோர்க்கிற துளை) ஓரத்தில் தட்டை ஸ்டீல் இருந்தால் நல்லது.

பொருநைக்காரி:
காந்தம் ஒரு பட்டியில்கூட ஒட்டவில்லை. மடி அளவு 10. கார்செட்டின் முன்பக்கம் 12! திருப்பி அனுப்புகிறேன். அப்படியானால் 24 வாங்குவதா, 26 வாங்குவதா?

ஊசிநூல்:
என் கணக்கில் 24. இரண்டு இன்ச் இடைவெளியோடு கட்டினால் 26இல் நிற்கும், இரண்டரை இன்ச்தான் குறையும். பழகப் பழகத் துணியும் கொஞ்சம் இளகும்.

கனடாத் தையல்:
நான் இதில் மாறுபடுகிறேன். அவருக்கு ஒரு நாடகத்துக்குத்தான் தேவை. 26 எடுத்துக் கிட்டத்தட்ட மூடிக் கட்டினாலும் அதே இரண்டரைதான்.

ஊசிநூல்:
மூடிக் கட்டினால், ஒருநாள் வயிறு உப்பினாலும் ஒருநாள் சுருங்கினாலும் சரிசெய்ய இடமே இருக்காது தங்கச்சி. முதல் கார்செட்டுக்கு அந்த இரண்டு இன்ச் இடைவெளிதான் பாதுகாப்பு. எதை வாங்கினாலும் கீழ் விரிவு 10 இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

இளவேனில்:
நான் செவிலியர். தொடை வெளிப்புறத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு இடுப்பெலும்பின் முன்முனை ஓரமாகத்தான் போகிறது. அங்கே அழுத்தினால் மரப்பு, எரிச்சல் வரும். திரும்ப வந்தாலோ, போகாமல் இருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்செரிச்சல், குடலிறக்கம், உயர் ரத்த அழுத்தம், சமீபத்தில் அறுவை சிகிச்சை, இதில் எது இருந்தாலும் மருத்துவரிடம் கேட்காமல் போடவே வேண்டாம். கர்ப்ப காலத்தில் கூடாது. சாப்பிட்ட உடனேயும் வேண்டாம்.

லெஸ்டர் வாசகி:
பக்கத்தில்தான் இருக்கிறீர்கள்! மார்க்கெட் ஹார்பரோவுக்கு ஒரு நடை போய்வாருங்கள். அங்கே சிமிங்டன் கம்பெனியின் பழைய கார்செட் தொழிற்சாலைக் கட்டடத்தில்தான் இப்போது ஹார்பரோ அருங்காட்சியகம் இருக்கிறது. உங்கள் கதைக்காலத்தில் ஸ்பூன் பஸ்க் பிரபலம். பஸ்க் என்றால் கொக்கியுள்ள முன்பக்கக் கம்பி; இந்த வகையில் அது கீழே கரண்டி போல அகன்று அடிவயிற்றை அணைத்துப் பிடிக்கும். அசல் தோற்றம் வேண்டுமென்றால் அதையும் மனதில் வையுங்கள்.

பொருநைக்காரி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். 24 வாங்கினேன்: மேலே 28, கீழே 34, முன்பக்கம் ஒன்பதரை இன்ச். காந்தம் எல்லாப் பட்டியிலும் ஒட்டியது. உள்ளே ஒரு மெல்லிய பருத்தி பனியன் போட்டு, ஊசிநூல் அக்கா தனியே சொன்னபடி தினம் இரண்டு மணி நேரம், லேசான இறுக்கத்தில் பழக்கினேன். இடை உயரத்தில் நாடாவை இரண்டு வளையமாக வெளியே விட்டிருப்பதால் நானே இழுத்துக் கட்ட முடிகிறது. தோழி முதுகைப் படம் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு ஓரமும் தண்டவாளம் மாதிரி நேராக இருக்கின்றன. தொடையில் ஒன்றும் இல்லை, மேலே ஏறவும் இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும். கழற்றும்போது முன்பக்கக் கொக்கிகள் திறக்க மறுக்கின்றன. பலமாக இழுக்கலாமா?

ஊசிநூல்:
கூடவே கூடாது, பஸ்க் வளைந்துவிடும். முதலில் முதுகு நாடாவை நாலைந்து இன்ச் தளர்த்துங்கள். பிறகு இரண்டு கையாலும் ஓரங்களை ஒன்றை நோக்கி ஒன்று தள்ளினால் கொக்கி தானே நழுவிவிடும்.

பொருநைக்காரி:
இப்போதே செய்து பார்த்தேன். ஒரே தள்ளில் வந்துவிட்டது அக்கா. ரொம்ப நன்றி.