கேரமலைஸ் செய்வது வேறு, பாகு காய்ச்சுவது வேறு

"சர்க்கரையை கேரமலைஸ் செய்யவும்" என்று குறிப்பில் பார்த்ததும் பாகு காய்ச்சுகிறவர்கள் அதிகம். கம்பிப் பதம், உருட்டுப் பதம் எல்லாம் தண்ணீர் எவ்வளவு வற்றியது என்பதற்கான அளவு. அங்கே சர்க்கரை சர்க்கரையாகவே இருக்கும். தண்ணீர் போய், சூடு 160 டிகிரி செல்சியஸை எட்டும்போதுதான் சர்க்கரையே உடைந்து நிறமும் மணமும் லேசான கசப்பும் வரும். 170-ஐ ஒட்டித் தேன் நிறம், 180-ஐ ஒட்டிச் செம்பழுப்பு. 190 தாண்டினால் கசப்புதான் மிஞ்சும்.

---

தேன் நிறத்துக்கும் கருகலுக்கும் இடைவெளி மிகக் குறைவு. வேண்டிய நிறத்துக்குச் சற்று முன்பே அடுப்பை அணையுங்கள், பாத்திரத்தின் சூடே மீதியை முடித்துவிடும். கறுப்பு நான்ஸ்டிக் வேண்டாம், நிறம் தெரியாது. அடிகனமான எவர்சில்வர் நல்லது. சந்தேகம் வந்தால் ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டுப் பாருங்கள்: பாத்திரத்தில் கறுத்துத் தெரிவது தட்டில் வெறும் தேன் நிறமாக இருக்கும்.

---

நிறத்தை விடப் பலரைத் தடுக்கி விழ வைப்பது பூத்துப்போவதுதான், அதாவது கரைந்த சர்க்கரை மறுபடி மணிமணியாக இறுகுவது. 200 கிராம் சர்க்கரைக்கு 60 மில்லி தண்ணீர். கரையும்வரை கிளறலாம், கொதி வந்தபின் கரண்டியே போடக்கூடாது. ஓரத்தில் தெறித்தது காய்ந்து மணியாகும். அதில் ஒன்று உள்ளே விழுந்தாலும் போதும், அதைச் சுற்றி மொத்தமும் வெள்ளையாக இறுகிவிடும். நனைத்த பிரஷ்ஷால் ஓரத்தைத் துடைத்துக்கொண்டே இருங்கள். முதலிலேயே கால் டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டால் சர்க்கரையில் கொஞ்சம் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸாகப் பிரிந்து மணி கட்டவிடாது. அப்படியும் பூத்துவிட்டால் கொட்டாதீர்கள். மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுக் கரைத்து மறுபடி ஆரம்பிக்கலாம்.

---

சாஸ் என்றால் அதே 200 கிராமுக்கு 120 மில்லி கிரீம். அதைச் சூடாக்கித்தான் ஊற்ற வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தபடியே ஊற்றினால் சர்க்கரை கல்லாக இறுகும், சிறுதீயில் கிளறித்தான் கரைக்க வேண்டிவரும். சூடான கிரீமும் பொங்கத்தான் செய்யும். உயரமான பாத்திரம், அணைத்த அடுப்பு, கொஞ்சம் கொஞ்சமாக. கேரமல் கொதிநீரை விடச் சூடு, தோலில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர் கட்டாயம் இருக்கட்டும்.

---

வெங்காயத்துக்கும் "கேரமலைஸ்" என்ற இதே சொல்லைப் போடுகிறார்கள். அங்கே சர்க்கரை மட்டும் நிறம் மாறுவதில்லை, அதோடு அமினோ அமிலங்களும் (புரதத்தின் கூறுகள்) சேர்ந்து பழுப்பாகும் மெயிலார்டு வினையும் உண்டு. சிறுதீயில் 40 நிமிடமாவது ஆகும். பத்தே நிமிடம் என்று எழுதும் குறிப்பில் கிடைப்பது ஓரம் தீய்ந்த வதக்கல்தான்.