ஐஸ் கட்டி வைத்து ஓட்டிய கார்வெட்

திருநகர் தம்பி:
வணக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். பிரான்ஸில் நடக்கும் லே மான்ஸ் 24 மணி நேரக் கார் பந்தயம் பற்றி செமினார் எடுக்கணும். எங்கே தேடினாலும் 1966-ல் ஃபோர்டு ஃபெராரியைத் தோற்கடித்த கதைதான் வருகிறது. அதற்கு முன்னால் அமெரிக்கக் கார்கள் அங்கே போனதே இல்லையா? அப்புறம், அமெரிக்கக் கார்களின் புஷ்ராட் வி8 (V வடிவில் எட்டு சிலிண்டர்) பழைய காலத்து எஞ்சின் என்கிறார்கள். அது எப்படி 24 மணி நேரம் தாங்கியது?

வைகைக்கரை:
66-ஐ விட்டு வேறென்ன வேண்டும் தம்பி? 7 லிட்டர் எஞ்சின் வைத்த ஜிடி40 மார்க் 2 கார், முதல் மூன்று இடமும் ஃபோர்டுக்கு. அடுத்த மூன்று வருடமும் அவர்கள்தான்.

சிம்மக்கல் மெக்கானிக்:
66 காசு கொட்டி ஜெயித்தது. எனக்குப் பிடித்தது 1960.

அதற்கும் முன்னால் 1950-லேயே பிரிக்ஸ் கன்னிங்ஹாம் என்ற பணக்காரர் இரண்டு கேடிலாக்கைக் கொண்டுபோனார். ஒன்று ஏறக்குறைய கடையில் வாங்கிய அதே கார். இன்னொன்றின் உடம்பைப் பார்த்து பிரெஞ்சுக்காரர்களே ‘அரக்கன்’ என்று பெயர் வைத்தார்கள். 10-வது, 11-வது இடம். அரக்கன்தான் பின்னால்.

1960-ல் அதே மனிதர் மூன்று கார்வெட் இறக்கினார். அதைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் அப்போது வெளிப்படையாகப் பந்தயத்தில் இறங்காத காலம். இரண்டு கார் பாதியில் போய்விட்டது. ஜான் ஃபிட்ச், பாப் கிராஸ்மன் ஓட்டிய 3-ம் நம்பர் மட்டும் மிச்சம். கடைசியில் அதற்கும் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், வற்றிவிட்டது. இத்தனை சுற்று ஓடினால்தான் மறுபடி ஊற்றலாம் என்று விதி. உள்ளே ஊற்றத்தானே தடை? பிட்டில், அதாவது நடுவில் காரை நிறுத்திப் பழுது பார்க்கும் இடத்தில், எஞ்சினைச் சுற்றி ஐஸ் கட்டியை அடைத்தார்கள். மெல்ல உருட்டியே முடித்தார்கள். மொத்தத்தில் 8-வது, 5 லிட்டர் ஜிடி பிரிவில் முதல்.

படித்தபோது சிரித்துவிட்டேன். சித்திரைத் திருவிழா சமயம், கல்யாண வீட்டுக்காரர்களை அம்பாசடரில் ஏற்றி மேலூர் போகிறேன். கோரிப்பாளையத்தில் நெரிசல், வண்டி நின்றது. ஏ.சி. பம்ப்பில் (குளிர்சாதனம் இல்லை, பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளும் பம்ப்) பெட்ரோல் ஆவியாகிவிட்டது. வழக்கமாக ஈரத்துணி சுற்றுவோம், அன்றைய வெயிலுக்கு அது ஐந்து நிமிடத்தில் காய்ந்தது. பாலத்து முனையில் ஜிகர்தண்டா வண்டிக்காரரிடம் ஐஸ் வாங்கி, சாக்கில் கட்டி பம்ப் மேல் வைத்தேன். கிளம்பியது.

இரண்டாவது கேள்விக்கு: வால்வை இயக்கும் கேம்ஷாஃப்ட் எஞ்சின் தலையில் இல்லை, கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து வால்வை இயக்கும் கம்பிதான் புஷ்ராட். அதனால் எஞ்சின் உயரம் குறைவு, செயின், பல்சக்கரம் எல்லாம் கொஞ்சம்தான். பெரிய எஞ்சின் என்பதால் அது அதிக வேகத்தில் சுழல வேண்டியதும் இல்லை. பிரேக்தான் வில்லன், கனத்த காரை நிறுத்த வேண்டுமே. ஜிடி40 மார்க் 2-க்கு சட்டென்று கழற்றி மாட்டும் பிரேக்கை யோசித்தவர் ஃபில் ரெமிங்டன். செமினாரில் அவர் பெயரைச் சொல், யாரும் சொல்ல மாட்டார்கள்.

திருநகர் தம்பி:
நன்றி ஐயா. சூடான எஞ்சின்மேல் ஐஸ் வைத்தால் பிளாக் வெடிக்காதா?

சிம்மக்கல் மெக்கானிக்:
கொதிக்கும் எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் வெடிக்கும், அதைச் செய்யாதே. வெளியே கட்டியாக வைத்தால் மெதுவாகத்தான் உருகும். இருந்தாலும் அது துணிச்சல்தான், தொழில் இல்லை.

வைகைக்கரை:
அண்ணே, அந்தக் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தீர்களா?

சிம்மக்கல் மெக்கானிக்:
முகூர்த்தம் முடிந்து, இரண்டாம் பந்தியில் ரசத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.