ஃபைல் டிஸ்கிரிப்டரை அனுப்பிய பிறகு பைப் மூடுவதே இல்லை - உதவி தேவை

கரைவேலி: ஒரு பேட்ச் என்னிடம் ரிவ்யூவுக்கு வந்திருக்கிறது. ஒரு பிராசஸ், பைப்பின் (ஒரு முனையில் எழுதி மறுமுனையில் படிக்கும் தரவு வழி) எழுதும் முனையை, அதாவது அதன் ஃபைல் டிஸ்கிரிப்டரை (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்), இன்னொரு பிராசஸுக்கு அனுப்புகிறது. இரண்டுமே மூடிய பிறகும், படிப்பவரின் ரீட் திரும்பாமல் தொங்குகிறது. நாளைக் காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். எங்கே பார்ப்பது?

மணல்மேடு: கர்னல் பதிப்பு என்ன? எஸ்சிஎம்_ரைட்ஸ் (பிராசஸ்கள் பேசிக்கொள்ளும் யூனிக்ஸ் சாக்கெட்டில் டிஸ்கிரிப்டரை அனுப்பும் முறை) வழியாகவா, சொந்த டிரைவரா?

நீலவானம்: அனுப்பியவர் தன் பிரதியை மூடியிருக்க மாட்டார். பத்தில் ஒன்பது முறை இதுதான்.

தூண்டில்: யூனிக்ஸ் சாக்கெட்டின் குப்பை சேகரிப்பான்தான் (யாரும் பயன்படுத்தாத சாக்கெட்டுகளை விடுவிக்கும் பகுதி) காரணம் என்பேன். 2021இல் வெளிவந்த சிவிஇ-2021-0920 என்ற பாதுகாப்புக் குறை அந்தப் பகுதியில்தான் இருந்தது.

மணல்மேடு: அது யூனிக்ஸ் சாக்கெட்டுகளே ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலில் சிக்கும்போது. இங்கே போவது பைப்.

மூத்தவன்: முதலில் யூனிக்ஸ்(7) கையேட்டைப் படித்துவிட்டு வாருங்கள், தம்பி. டிஸ்கிரிப்டரோடு ஒரு பைட்டாவது தரவு அனுப்பினீர்களா? இது தெரியாமல் கர்னல் ரிவ்யூவுக்கு உட்காரக் கூடாது.

நீலவானம்: லினக்ஸில் அந்தக் கட்டாயம் ஸ்ட்ரீம் சாக்கெட்டுக்கு (தரவு தொடர் ஓட்டமாகப் போவது) மட்டும்தான். டேட்டாகிராமுக்கு (தனித்தனிச் செய்தியாகப் போவது) இல்லை.

மூத்தவன்: மற்ற யூனிக்ஸ்களிலும் ஓட வேண்டுமானால் எப்போதும் ஒரு பைட் அனுப்புவதே முறை. அதே கையேடு அதையும் சொல்கிறது.

நீலவானம்: அது பரிந்துரை, ஐயா. நீங்கள் சொன்னது விதி.

கரைவேலி: சொந்த டிரைவர். 5.4இலிருந்து 5.15க்கு மாற்றிய பேட்ச். இரண்டு பிராசஸும் முடிந்துவிட்டன; எல்எஸ்ஓஎஃப் (திறந்த கோப்புகளைப் பட்டியலிடும் கருவி) பார்த்தால் எழுதும் முனை யாரிடமும் இல்லை. ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் ஃபைல்-என்ஆரின் முதல் எண் (கர்னல் ஒதுக்கியுள்ள திறந்த கோப்புகளின் எண்ணிக்கை) கூடிக்கொண்டே போகிறது.

மணல்மேடு: அப்படியானால் ரெஃபரன்ஸ் (கோப்பை யாரோ வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கு) கர்னலுக்குள்ளேயே மாட்டியிருக்கிறது. பெறும் பகுதியை இங்கே போடுங்கள்.

கரைவேலி:
கெட்_ஃபைல்(கோப்பு);
எண் = ரிசீவ்_எஃப்டி(கோப்பு, ஓ_குளோஎக்ஸெக்);
பிழை இல்லாவிட்டால் எஃப்புட்(கோப்பு);

மணல்மேடு: முதல் வரிதான் சிக்கல். கெட்_ஃபைல் ரெஃபரன்ஸை ஒன்று கூட்டும், எஃப்புட் ஒன்று குறைக்கும். பழைய குறியீட்டில் எஃப்டி_இன்ஸ்டாலுக்கு (கோப்பை டிஸ்கிரிப்டர் எண்ணோடு இணைப்பது) முன் கெட்_ஃபைல் தேவைப்பட்டது. இன்ஸ்டால் செய்வது கையில் இருக்கும் ரெஃபரன்ஸை அப்படியே விழுங்கிவிடும். 5.9இல் வந்த ரிசீவ்_எஃப்டி தனக்கு வேண்டிய ரெஃபரன்ஸைத் தானே எடுத்துக்கொள்கிறது. எண்ணிப் பாருங்கள்: அனுப்பும்போது எஃப்கெட் எடுத்தது 1, இந்த வரி 2, ரிசீவ்_எஃப்டி 3. எஃப்புட் ஒன்றைக் குறைக்கும், பெற்றவர் மூடினால் இன்னொன்று குறையும். மிச்சம் 1. கடைசி ரெஃபரன்ஸ் போனால்தான் பைப்பின் ரிலீஸ் (அந்த முனையை உண்மையில் மூடும் பகுதி) ஓடும். அதுவரை எழுதுபவர் இன்னும் இருக்கிறார் என்றே கர்னல் நம்பும்.

தூண்டில்: எஸ்சிஎம்_டிட்டாச்_எஃப்டிஸை (எஸ்சிஎம்_ரைட்ஸில் பெறும் பகுதி) 5.4இலும் 5.15இலும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதே மாற்றம் அங்கேயும் தெரியும்.

கரைவேலி: அந்த வரியை எடுத்தேன். ரீட் 0 தருகிறது (எழுதுபவர் இனி யாரும் இல்லை என்று பொருள்). பேட்சைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நன்றி.

மணல்மேடு: பிழைப் பாதையையும் பாருங்கள். டிஸ்கிரிப்டர் வரம்பு முட்டி ரிசீவ்_எஃப்டி எதிர்ம எண் தந்தால், உங்கள் மூன்றாவது வரி எஃப்புட்டைத் தாண்டிப் போய்விடுகிறது. அனுப்பும்போது எடுத்த ரெஃபரன்ஸை அப்போது யார் விடுவிக்கிறார்கள்?