லைனோடைப்: ‘வரிவார்ப்பி’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சாமுவேல் ஃபுல்லர் 1952-இல் எடுத்த ‘பார்க் ரோ’ படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதி வருகிறேன். கதை நடப்பது 1886-இல், நியூயார்க்கின் நாளேடுகள் தோளோடு தோள் உரச நின்ற பார்க் ரோ தெருவில். ‘ஸ்டார்’ பத்திரிகையில் வேலை போன ஃபினியாஸ் மிட்செல், ‘குளோப்’ என்று புதிதாக ஒன்றைத் தொடங்குகிறான். ஸ்டாரின் உரிமையாளர் சாரிட்டி ஹேக்கெட் அதை முளையிலேயே கிள்ளி எறியப் பார்க்கிறார். இரண்டு ஏடுகளும் கற்பனைதான். ஆனால் குளோப் அலுவலகத்தில் ஓர் இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் ஆட்மார் மெர்கென்தாலர் உண்மையில் வாழ்ந்தவர். ஜெர்மனியில் கடிகார வேலை பழகி, 1872-இல் அமெரிக்கா வந்தவர். அவர் செய்த லைனோடைப்புக்குத்தான், அதாவது அச்சடிப்பதற்கான எழுத்துகளை முழு வரியாக ஈயத்தில் வார்க்கும் இயந்திரத்துக்குத்தான், இப்போது தமிழ்ச்சொல் தேவை.

> லைனோடைப் என்றே விட்டுவிடலாம். அச்சகத்தார் வாயில் அதுதானே இருந்தது?

இருந்தது, மறுக்கவில்லை. கட்டுரையென்றால் நானும் அப்படியே விட்டிருப்பேன். ஆனால் படத்தில் அந்த இயந்திரம் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. அது என்ன வேலை செய்யும் என்பது பார்ப்பவருக்கு ஒரே சொல்லில் பிடிபட வேண்டும். அடிக்குறிப்புப் போட அங்கே இடமில்லை.

> ‘வரியச்சு’ அல்லது ‘வரிக்கோப்பி’?

‘வரியச்சு’ என்றால் அச்சடிக்கும் இயந்திரம் என்றே எவரும் நினைப்பார்கள். லைனோடைப் ஒரு தாளைக்கூட அச்சடிப்பதில்லை. ‘வரிக்கோப்பி’ சற்று நெருங்கி வருகிறது. ஆனால் அச்சுக்கோப்பு என்றதும் நமக்குத் தோன்றுவது, கேஸ் என்ற எழுத்துப் பெட்டியிலிருந்து ஒவ்வோர் ஈய எழுத்தாகப் பொறுக்கி, ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் அடுக்கும் கைவேலை. அந்தக் கைவேலையை ஒழிக்க வந்ததே இந்த இயந்திரம். இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல்லைக் கொடுத்தால் படத்தில் பழைய தொழிலும் புதுத் தொழிலும் கலந்துவிடும்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். விசையைத் தட்டியதும் மேலே உள்ள பெட்டியிலிருந்து ஒரு பித்தளைத் துண்டு சறுக்கி இறங்குகிறது. அதில் இருப்பது எழுத்தல்ல, எழுத்தின் குழி. அடுத்த விசைக்கு அடுத்த துண்டு. சொற்களுக்கு நடுவே ஆப்பு வடிவ இடைவெளித் தகடுகள் விழுகின்றன. வரி முடிந்ததும் அந்த ஆப்புகள் மேல்நோக்கித் தள்ளப்பட, வரி பத்தியின் அகலத்துக்குச் சரியாக விரிந்து நிற்கிறது. ஈயமும் ஆன்டிமனியும் தகரமும் கலந்த உருகிய உலோகம் குழிகளில் பாய்ந்து உறைய, முழு வரியும் ஒரே கட்டியாக வெளியே வருகிறது. என்னை மிகவும் வியக்கவைப்பது இதற்கு அடுத்த கட்டம்தான். வேலை முடிந்த பித்தளைத் துண்டுகளை ஒரு கை மேலே தூக்கிச் செல்கிறது. ஒவ்வொன்றின் தலையிலும் வெட்டியிருக்கும் பற்களின் அமைப்பே அது எந்த அறையில் விழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அடித்து முடித்த பக்கத்தைப் பிரித்து, எழுத்துகளைத் திரும்பக் கேஸில் போடும் அலுப்பான வேலையே இல்லை. ஈய வரிகளை உருக்கினால் போதும்.

ஓர் எழுத்துப் பிழையானாலும் முழு வரியையும் மறுபடி வார்க்க வேண்டியிருந்ததற்குக் காரணமும் வரி ஒரே கட்டியாக வருவதுதான். ஆகவே ‘வரி’, ‘வார்ப்பு’ இரண்டும் இந்தச் சொல்லில் இருந்தே ஆகவேண்டும்: வரிவார்ப்பி.

> ‘வார்ப்பு’ என்றால் இரும்புப் பட்டறை மாதிரி இருக்கிறதே?

இருக்கட்டும். உருகிய உலோகச் சட்டி பக்கத்தில் கொதிக்க, ஆள் உட்கார்ந்து விசை தட்டிய இயந்திரம் அது. தமிழில் ‘அச்சு’ என்பதே வார்ப்புக்கு உரிய சொல்தானே. அச்சுவெல்லம் என்கிறோம், அச்சில் வார்த்தாற்போல என்கிறோம். அதனால் பித்தளைத் துண்டை ‘வார்ப்பச்சு’ என்றும், வெளியே வரும் கட்டியை ‘ஈயவரி’ என்றும், இயந்திரத்தில் வேலை செய்பவரை ‘வரிவார்ப்பாளர்’ என்றும் சொல்லலாம். ‘இயக்குநர்’ வேண்டாம், அந்தச் சொல்லைச் சினிமா எடுத்துக்கொண்டது. ஒவ்வோர் எழுத்தாக வார்க்கும் மோனோடைப்புக்குத் ‘தனியெழுத்து வார்ப்பி’ சரியாக வரும்.

வரலாற்றில் இந்த இயந்திரம் ஒரு நாளேட்டுக்காக முதலில் ஓடியது 1886 ஜூலை 3 அன்று, ‘நியூயார்க் டிரிப்யூன்’ அலுவலகத்தில். ஃபுல்லர் அதைத் தன் கற்பனைப் பத்திரிகைக்குக் கொண்டுவந்துவிட்டார். சிறுவனாகப் பத்திரிகை அலுவலகத்தில் எடுபிடி வேலை பார்த்து, பிறகு குற்றச்செய்தி நிருபரானவர் அவர். சொந்தப் பணத்தைப் போட்டு எடுத்த இந்தப் படத்தில் அதை இழந்தார். அச்சுக்கூடத்தை இவ்வளவு பாசத்தோடு காட்டும் படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை. அதன் தொழிற்சொற்களை ‘மெஷின்’ என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

மறுப்பு இல்லையென்றால் ஐந்து சொற்களையும் குழுவின் பட்டியலில் ஏற்றிவிடலாம். இன்னொன்று பாக்கி. உடைந்த, தேய்ந்த எழுத்துகளை உருக்குவதற்காக வீசும் பெட்டியை அந்தக் கால ஆங்கில அச்சகத்தார் நரகம் என்றும், அச்சகத்து எடுபிடிப் பையனைப் பிசாசு என்றும் அழைத்தார்கள். ‘நரகப்பெட்டி’ எனக்குப் பிடித்திருக்கிறது. பையனுக்குப் ‘பிசாசு’ சற்றுக் கடுமை, ‘குட்டிச்சாத்தான்’ என்றால் செல்லமும் சேர்கிறது. அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள் குழுவில் இருக்கிறீர்கள். உங்கள் பட்டறையில் அந்தப் பெட்டியையும் பையனையும் எப்படி அழைத்தீர்கள் என்று எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்கிறேன்.